பீரோவுக்குள் காய்ந்த ஜெனரேட்டர்: ஊரம்பு பக்கத்துப் பட்டறை ஒன்று

ஜெனரேட்டரில் கரண்டு உண்டாக்கும் பக்கம் கெட்டுப்போயிருந்தால் இந்தப் பட்டறைக்குத் தயங்காமல் கொண்டுபோகலாம். சொன்ன தேதிக்குக் கையில் வேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் சின்னத்துறையில் இருக்கிறேன். வீட்டுக்காரர் தூண்டில் தொழிலுக்குப் போனால் வர முப்பது நாள், சில தடவை நாற்பது நாள் ஆகும். டீசல் பாக்கி, ஐஸ் பாக்கி, தொழிலாளிகள் வீட்டுக்குக் கொடுக்கும் முன்பணம், மீன் விற்ற கணக்கு எல்லாம் என் நோட்டில்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். அதனால் ஒரு பட்டறைக்காரர் வேலை தெரிந்தவரா, வாயால் பிழைக்கிறவரா என்பது துண்டுச் சீட்டு எழுதும் விதத்திலேயே எனக்குப் பாதி தெரிந்துவிடும்.

எங்கள் போட்டு, அதாவது மீன்பிடிப் படகு, புதிதல்ல. 2007-ல் கட்டிய மரப்போட்டு, மேலே ஃபைபர் ஒட்டியது. கேரளத்து முனம்பத்தில் இரண்டு வருஷம் சும்மா கிடந்ததை நாங்களும் கொழுந்தனும் பங்கு போட்டு வாங்கினோம். வாங்கும்போது மெயின் இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். மரத்தைக் கத்தியால் குத்திப் பார்த்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் ஆள் இறங்கிப் பார்த்தார்கள். ஜெனரேட்டரை மட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதன்மேல் பழைய வலை, கயிறு, பிறகு ஒரு கிழிந்த மெத்தை. விற்றவர் "அதெல்லாம் ஓடும்" என்றார். நாலு ஆண்கள் தலையாட்டினார்கள். இதை இங்கே எழுதுவதை வீட்டுக்காரர் படிப்பார், படிக்கட்டும்.

முதல் தங்கலிலேயே, அதாவது கடலில் தங்கி மீன்பிடிக்கப் போன முதல் தடவையிலேயே, விஷயம் தெரிந்தது. இரவில் தூண்டிலை விட்டுவிட்டு மெயின் இன்ஜினை அணைத்துப் போட்டை மிதக்கவிடுவார்கள். விளக்கு, வயர்லெஸ், ஜிபிஎஸ் எல்லாம் பேட்டரியில்தான். அந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் ஓட வேண்டும். அது ஓடவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவில் பேட்டரி இறங்கி, கொடிமரத்து விளக்கும் அணைந்துபோனது. கப்பல் போகிற பாதையில் விளக்கில்லாமல் ஒரு மரப்போட்டு. போட்டை ஓட்டும் சிராங்கு டார்ச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றாராம். இதைக் கரைக்கு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார்கள். 2017 ஓகிப் புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் வயர்லெஸ்ஸில் இரண்டு நாள் குரல் வரவில்லை என்றாலே பெண்களுக்கு உறக்கம் போய்விடும். அந்தத் தடவை எனக்கு நாலு நாள் குரல் வரவில்லை.

சரி, ஜூன் 1-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. எங்கள் மேற்குக் கரைக்கு ஜூலை 31 வரை, 61 நாள். போட்டைத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் கட்டினோம். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கிர்லோஸ்கர் டிவி1 இன்ஜின், ஒற்றை சிலிண்டர், தண்ணீரில் குளிர்கிற வகை. அதோடு கரண்டு உண்டாக்கும் 5 கேவிஏ சிங்கிள் ஃபேஸ் ஆல்டர்னேட்டர். தகட்டில் 1500 ஆர்பிஎம் என்று மட்டும் படிக்க முடிந்தது. மற்ற எழுத்தெல்லாம் உப்பு தின்றுவிட்டது. கையால் சுற்றினால் சுற்றவில்லை.

முதலில் காட்டிய கடையில் மூடியைக் கூடக் கழற்றாமல் "வைண்டிங் போச்சு, முழுசாச் சுத்தணும், பதினெட்டாயிரம்" என்றார்கள். வைண்டிங் என்றால் ஆல்டர்னேட்டருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி. இரண்டாவது கடையில் இதை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்கச் சொன்னார்கள். அவர்களிடமே புதியது இருந்தது, ஒரு லட்சத்துக்கு மேல். அப்புறம்தான் வள்ளவிளையில் ஒருத்தி, அவளும் போட்டுக் கணக்குப் பார்ப்பவள்தான், இந்த இடத்தைச் சொன்னாள்.

கொல்லங்கோட்டிலிருந்து ஊரம்பு தாண்டிக் கேரளப் பக்கம் போகும் வழியில், ரப்பர் ஷீட் காயப்போடும் ஒரு வீட்டை ஒட்டி இருக்கிறது. போர்டு மலையாளத்தில், அதிலும் பாதி எழுத்து இல்லை. தகரக் கொட்டகை. வாசலில் நாலைந்து மோட்டார்கள் வயிறு திறந்து கிடக்கும். நடத்துகிறவரை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபது தாண்டியிருக்கும். அவர் மலையாளம், வேலை செய்யும் இரண்டு பையன்களும் நம்ம மாவட்டம். அங்கே பேசுவது இரண்டுக்கும் நடுவில் ஒரு பாஷை. நமக்குப் புதிதா என்ன.

முந்நூறு கிலோவுக்குக் குறையாத சாமானைச் செயின் பிளாக் போட்டுத் தூக்கி, டெம்போவில் ஏற்றி, மழைக்குத் தார்ப்பாய் மூடிக் கொண்டுபோனோம். ஆசான் வந்து பார்த்தார். எங்கள் சிராங்கின் மகன் ஆர்வக்கோளாறில் ஹேண்டிலைப் போட்டு மிதிக்கப் போனான். ஆசான் போட்ட சத்தத்தில் டெம்போ டிரைவர் கூட இரண்டடி பின்னால் போனார். சுற்றாத இன்ஜினைப் பலத்தால் சுற்றினால் ரிங் ஒடியும், லைனர் கீறும், அப்புறம் நூறு ரூபாய் வேலை பத்தாயிரமாகும் என்றார். டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி மூடி வைத்தார்கள். மூன்றாம் நாள் ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து விடுவித்துவிட்டார்கள்.

இன்ஜின் பக்கம் மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டீசல் டேங்கின் அடியில் தண்ணீரும், கறுப்பாகக் கொழகொழவென்று பாசி மாதிரி ஒன்றும். அது ஃபில்டரை அடைத்து நாசிலையும் கெடுத்திருந்தது. புது நாசில் போட்டு, 200 கிலோ அழுத்தத்தில் புகை போலப் பீய்ச்சுகிறதா என்று மெஷினில் வைத்துக் காட்டினார்கள். வால்வு தேய்த்தார்கள். இந்தப் போட்டில் கடல்தண்ணீரையே நேராக இன்ஜினுக்குள் விட்டிருந்தார்கள். அதனால் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் உப்புக்கட்டி. ஆசிட்டை நன்றாக நீர்க்கச் செய்து ஊறவைத்து எடுத்தார்கள். புகைக்குழாய் வளைவு விரலால் தொட்டதும் உதிர்ந்தது, புதிதாக வெல்டிங் செய்தார்கள். தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரில் ஆறு இதழில் இரண்டுதான் மிச்சம். இதெல்லாம் நல்ல பட்டறை எதிலும் செய்வார்கள்.

நான் எழுத உட்கார்ந்ததே ஆல்டர்னேட்டருக்காகத்தான்.

அதைப் பிரித்து மெகர் என்ற மீட்டரை வைத்தார். செம்புக் கம்பிக்கும் வெளி இரும்புக்கும் நடுவில் உள்ள காப்பு எவ்வளவு என்று 500 வோல்ட் விட்டுப் பார்க்கும் மீட்டர் அது. குறைந்தது 1 மெகா ஓமாவது காட்ட வேண்டும். இது 0.02 காட்டியது. இதே கணக்கை வைத்துத்தான் முன்னால் பார்த்த கடைக்காரர் வைண்டிங் போச்சு என்றிருப்பார் என்று நினைத்தேன். (இல்லை, அவர் மீட்டரே வைக்கவில்லை.) ஆசான் டார்ச் அடித்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கேயும் கருகல் இல்லை, வார்னிஷ் வாசனையில் எரிந்த நாற்றம் இல்லை. "கம்பி நல்லதாணு மோளே, உப்பு பிடிச்சிருக்கு" என்றார். அப்புறம் பையனைக் கூப்பிட்டு, கழுவச் சொன்னார்.

கழுவுவது என்றால் நிஜமாகவே கழுவுவது. கரண்டு சாமானைக் கிணற்றுத் தண்ணீரில். நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "தண்ணி ஊத்துறானா? தூக்கிட்டு வா" என்றார். ஆசானிடம் கேட்டேன். வீட்டில் உப்பு ஜாடியை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டார். நீர் விட்டுக்கொள்ளும். அதேதான் கம்பிகளுக்கு நடுவிலும். உப்பு உள்ளே இருக்கும்வரை எவ்வளவு காயவைத்தாலும் கடல்காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். முதலில் உப்பு போக வேண்டும், அப்புறம்தான் ஈரம். உப்பு தண்ணீரில்தான் கரையும். இதில் ஒரு எலக்ட்ரிகல் சாஸ்திரமும் இல்லை, கருவாடு போடுகிற எவளுக்கும் தெரிந்த சங்கதி.

வெந்நீர் ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றி, ஏழெட்டுத் தடவை. வடிந்த தண்ணீரைப் பையன் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பான். கரிக்கிறது என்றால் இன்னொரு வாளி. கரிப்பு நின்ற பிறகுதான் பீரோ.

பழைய இரும்பு பீரோ ஒன்று பட்டறை மூலையில் இருக்கிறது, கண்ணாடி பதித்த கதவோடு. யாருடைய கல்யாணச் சீரோ. தட்டுகளை எடுத்துவிட்டு, அடியில் 200 வாட் குண்டு பல்பு நாலு மாட்டி, மேலே ஆவி போக ஓட்டை போட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு தெர்மாமீட்டர். 80 டிகிரியைத் தாண்டக் கூடாது, வேகமாகச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வார்னிஷைப் பிளந்துவிடுமாம். ஜூன் மழையில் வெளியே துணியே காயாமல் கிடக்க, பீரோவுக்குள் எங்கள் ஜெனரேட்டர் ஐந்து நாள் காய்ந்தது. காலையும் மாலையும் மெகர் வைத்து, அளவைக் கதவுக் கண்ணாடியில் சாக்பீஸால் எழுதினார்கள்.

இரண்டாம் நாள் போனபோது அளவு ஏறுவதற்குப் பதில் இறங்கியிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆசான் சிரித்தார். சூடேறும்போது முதலில் இறங்கும், ஈரம் வெளியேற வெளியேறத் தானாக ஏறும், இறங்காமல் ஏறினால்தான் தனக்குச் சந்தேகம் வரும் என்றார். நாலாம் நாள் 6. ஐந்தாம் நாள் மாலை, ஆறவிட்டு வைத்துப் பார்த்தபோது 40 மெகா ஓம். அதன்பிறகு வார்னிஷில் முக்கி மறுபடி பீரோ. பதினெட்டாயிரம் ரூபாய் வைண்டிங் வேலை, நாலு பல்பும் கொஞ்சம் வார்னிஷும் கூலியுமாக 4,500-ல் முடிந்தது. ஆசான் நினைத்திருந்தால் கம்பியை அறுத்தெடுத்துப் புதிதாகச் சுற்றி, நல்ல கூலி வாங்கியிருக்கலாம். நானும் கொடுத்திருப்பேன்.

சுழலும் ரோட்டருக்குக் கரண்டு கொண்டுபோகும் வளையமான ஸ்லிப் ரிங் பச்சைக் களிம்பு பிடித்திருந்ததைக் கடைசலில் கொடுத்து மெல்லியதாகச் சீவினார்கள். புது கார்பன் பிரஷ், புது பேரிங் இரண்டு, புது ரெக்டிஃபையர். பூட்டி ஓட்டினால் மீட்டரில் வெறும் 3 வோல்ட். எல்லோரும் ஆசானைப் பார்த்தோம். வருஷக்கணக்கில் சும்மா கிடந்ததால் ரோட்டர் இரும்பில் மிச்சமிருக்க வேண்டிய காந்தம் பெரும்பாலும் போய்விட்டது, அந்தத் துளி காந்தம் இல்லாமல் தானாகக் கரண்டு பிறக்காது என்றார். ரெக்டிஃபையர் வயரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பேட்டரியைப் பிரஷ்ஷில் பிளஸ்ஸுக்குப் பிளஸ் பார்த்து ஒரு விநாடி தொட்டு எடுத்தார். மறுபடி மாட்டி ஓட்டினால் முள் சரசரவென்று ஏறி 230-ல் நின்றது. சிராங்கின் மகனைக் கூப்பிட்டு அவன் கையாலேயே ஒருமுறை செய்யவைத்தார். கடலில் ஆசானா வருவார்?

லோடு வைத்துப் பார்க்காமல் எடுத்துப்போகாதே என்று வள்ளவிளைக்காரி சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்கும்முன்பே ஒரு டிரம் தண்ணீரில் ஆயிரம் வாட் ஹீட்டர் நாலை இறக்கினார்கள். 5 கேவிஏ என்றால் 4 கிலோவாட், அதுதான் முழு லோடு. 17 ஆம்பியர் இழுத்தது. லோடு இல்லாமல் 52 ஹெர்ட்ஸ், முழு லோடில் 50. ஒரு மணி நேரம் ஓடவிட்டார்கள். டிரம்மில் தண்ணீர் ஆவி பறந்தது. மழையில் நனைந்து நின்ற பையன் இரண்டு பேரும் அன்று வெந்நீரில் குளித்திருப்பார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள், நான் கேட்காதது. ஈஎல்சிபி போடாமல் சாமான் வெளியே போகாது என்றார் ஆசான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் சுவிட்ச். ஈரத் தளத்தில் வெறுங்காலோடு நிற்கிற ஆட்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதோடு ஜெனரேட்டரிலேயே நியூட்ரலை பாடியோடு சேர்த்து ஒரு கம்பி போட்டார். அது இல்லாவிட்டால் கசிவு திரும்பி வர வழி இல்லாமல் சுவிட்ச் விழாதாம். பல போட்டுகளில் ஈஎல்சிபி இருக்கும், இந்தக் கம்பி இருக்காது. டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதே என்று நம்பக் கூடாது, பட்டன் தனக்குள்ளேயே ஒரு வழி வைத்திருக்கிறது, இந்தக் கம்பி இல்லாவிட்டாலும் விழும். இதை எனக்குப் புரியவைக்க ஆசான் ஒரு சிகரெட் அட்டையில் படம் போட்டார். அந்த அட்டையை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இனி குறைகள்.

தேதி. ஜூலை 5 என்றார்கள். பிறகு 12. பிறகு "நாளெ". அந்தச் சொல்லுக்கு இரண்டு மாநிலத்திலும் ஒரே அர்த்தம் என்று நினைத்திருந்தேன். கடைசியில் கிடைத்தது ஜூலை 27. கேரளத்துக்குத் தடைக்காலம் 52 நாள்தான், ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்கும், ஆனால் அதுவும் ஜூலை 31-ல்தான் முடிகிறது. இரண்டு பக்கத்துச் சாமான்களும் ஒரே சமயத்தில் வந்து குவிந்தால் இப்படித்தான் ஆகும். மே மாதமே சொல்லி வைப்பது உத்தமம்.

பில். வெள்ளைத்தாளில் பென்சில். பங்குக்கணக்கில் கொழுந்தனுக்குக் காட்ட ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பாவது வேண்டும் என்றேன், இல்லை. ஆனால் கழற்றிய பழைய சாமான் முழுவதையும், உடைந்த இம்பெல்லர் இதழ் உட்பட, ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் சீட்டோடு ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. எனக்கு ஸ்டாம்ப்பைவிட அந்தச் சாக்கு போதும், கொழுந்தனுக்குப் போதவில்லை.

பெண்கள் போனால் உட்கார ஒரு நாற்காலி கிடையாது, கழிப்பறை கிடையாது. ரப்பர் ஷீட் வீட்டு அக்கா நல்லவள், அதனால் பிழைத்தேன்.

பெரிய குறை இனிமேல்தான். அவர்கள் போட்டுக்கு வந்து பார்க்கவே இல்லை. நாங்களே கொண்டுபோய்ப் பூட்டி, ஆகஸ்ட் முதல் வாரம் கடலுக்குப் போனார்கள். மூன்றாம் நாள் ஜெனரேட்டர் கொதித்தது. நல்லவேளையாகச் சிராங்கின் மகன் புகைக்குழாயில் தண்ணீர் சரியாக வராததைப் பார்த்து நிறுத்திவிட்டான். கடல்தண்ணீர் உள்ளே வரும் வால்விலிருந்து ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் கொட்டலசு, ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் உயிரி. சுண்டுவிரல் போகவில்லை. இரண்டு வருஷம் முனம்பத்தில் கிடந்தபோது ஒட்டியது. பம்பும் இம்பெல்லரும் புதிது, ஆனால் வாயை அடைத்துவிட்டால் புது வயிறு என்ன செய்யும். நடுக்கடலில் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, ஹோஸையும் மாற்றி ஓட்டினார்கள். திரும்பி வந்து ஆசானிடம் சண்டைக்கே போனேன். "போட்டில் இருக்கிறதை நான் எப்படி அறியும்" என்றார். வால்வைப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? பார்த்திருக்க வேண்டியது நாங்கள்தான் என்பது பாதி நியாயம், மீதி அவர் பக்கம். ஒரு இம்பெல்லரை இனாமாகக் கொடுத்தார், ஸ்பேராக வைத்துக்கொள்ளச் சொல்லி. வாங்கிக்கொண்டேன்.

மொத்தம் 36,400 ரூபாய், டெம்போ தனி. முன்பணம் பத்தாயிரம் கொடுத்தோம். ஜிபே எடுத்துக்கொள்கிறார்கள். இதுவரை நாலு தங்கல் போய் வந்துவிட்டது, விளக்கு அணையவில்லை. போன தடவை பிரஷ்ஷைக் கழற்றிப் பார்த்தோம், தேய்மானம் சரியாக இருந்தது.

போகிறவர்கள் சாமானைக் கழற்றும் முன்பே வயர் எது எங்கே மாட்டியிருக்கிறது என்று போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் எடுக்காததால் அரை நாள் போனது. டீசல் டேங்கைக் கரையிலேயே கழுவுங்கள். போட்டு கரையேறி இருக்கும்போது கடல்தண்ணீர் வால்வையும் ஹோஸையும் கழற்றிக் கையோடு கொண்டுபோய் ஆசான் முன்னால் வையுங்கள், அவராகக் கேட்க மாட்டார். காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள். நாலு மணிக்கு மேல் போனால் பட்டறையில் பையன்கள்தான் இருப்பார்கள், ஆசான் எதிர்ப்பக்க டீக்கடையில் சீட்டு ஆடிக்கொண்டிருப்பார், அங்கே போய்க் கேட்டால் எல்லாவற்றுக்கும் "நாளெ" என்பார்.